வணக்கம் சொல்லும் தூரம்

பாரிசு நகரில் 'பூல்வார் து தாம்பிள்' என்னும் அகன்ற சாலையை 1838ஆம் ஆண்டில் ஒரு நாள் லூயி தாகேர் என்பவர் உயரமான சன்னல் ஒன்றிலிருந்து நிழற்படமாகப் பதிவு செய்தார். வண்டிகளும் குதிரைகளும் மனிதர்களும் நெருக்கியடித்துச் செல்லும் சாலை அது. ஆயினும் படத்தில் சாலை வெறிச்சோடிக் கிடக்கிறது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் ஒளி பதிவதற்கு அந்நாளில் பல நிமிடங்கள் தேவைப்பட்டன. எனவே, நகர்ந்து சென்றவை எவையும் தகட்டில் தங்கவில்லை. சாலையோரத்தில் ஒரு காலைத் தூக்கி வைத்துக் காலணிக்கு மெருகு போட்டுக்கொண்டு நின்ற ஒரு மனிதர் மட்டும் தங்கிவிட்டார். அவர் காலடியில் குனிந்திருக்கும் தொழிலாளியின் உருவமும் மங்கலாகத் தெரிகிறது. நிழற்படத்தில் பதிவான முதல் மனிதர்கள் இவர்களே என்று வரலாற்று ஆசிரியர் பலர் கருதுவர். தந்தி முறையை உருவாக்கிய சாமுவேல் மோர்ஸ் மறு ஆண்டு பாரிசில் இப்படத்தைக் கண்டு வியந்து எழுதிய மடலில், காலணிக்கு மெருகு போடும் மனிதரைத் தனியே குறிப்பிட்டுள்ளார். அம்மனிதர் யார் என்பதை எவரும் அறியார். தம் உருவம் பதிவானதை அவரும் அறிந்திருக்க மாட்டார்.

ஒருவரை அவர் அறியாமலே படமெடுப்பது, இவ்வாறு, நிழற்படக் கலையோடு உடன்பிறந்த செயலாகும். அண்மையில் எம் பங்கின் இளைஞர் ஒருவர் கேட்ட கேள்வி இவ்வரலாற்றைப் புரட்டிப் பார்க்க என்னைத் தூண்டிற்று. திருமண வீட்டிலும் திருவிழாக் கூட்டத்திலும் மக்கள் கேமராவைக் கண்டதும் விறைத்து நிற்கின்றனர். அவர்களை இயல்பான நிலையில் எடுக்க வேண்டும். அதற்குச் சட்டைப் பையில் அடங்கும் டிஜிட்டல் கேமரா எதை வாங்கலாம் என்று அவர் கேட்டார். தொலைவில் உள்ள முகத்தையும் அருகில் இழுத்துக்காட்டும் 'சூம்' வசதி மிகுதியாக வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. கருவிகளைப் பற்றி ஓரளவு அறிந்தவன் என்று என்னை எண்ணிக் கேட்டார். உடனே விடை சொல்ல இயலவில்லை. இத்தேர்வை அவருக்கு முன்னே நூற்றைம்பது ஆண்டுகளாகப் பலர் செய்திருக்கின்றனர். ஒவ்வொருவர் தேர்விலும் கருவியை விடப் பெரிய ஒன்று அடங்கியிருந்தது.

இத்தகைய படங்களை ஆங்கிலத்தில் 'கேண்டிட்' படங்கள் என்பர். குருமடத்தில் இலத்தீன் பயின்றவர்களுக்கு அச்சொல்லின் வேர் தெரியும். 'காந்திதுஸ்' என்றால் ஒளிரும் வெண்மை. பழைய உரோமையில் பதவி நாடி மக்கள் முன் வந்தோர் வெண்ணாடை அணிந்ததால் வேட்பாளரைக் குறிக்கும் சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்தது. வெண்மை மாசின்மையாகி, மாசின்மை ஒளிவுமறைவின்மையாகப் பொருள் விரிந்தது. ஒளிவுமறைவற்றது என்று பொருள்படும் அச்சொல், ஒளித்து வைத்த கேமரா எடுத்த படங்களுக்குப் பெயராக, 1930ஐ ஒட்டி இலண்டன் இதழ் ஒன்றின் வழியே வழக்கில் வந்தது. படத்தில் இருப்பவர் ஒளிவின்றி இருக்கிறார், எடுப்பவரோ ஒளிந்துகொண்டிருக்கிறார். இம்முரணே இக்கலையின் வரலாறு முழுவதும் ஓடுகிறது.

தாகேருக்குப் பின் நெடுநாள்வரை கேமரா ஒரு பெட்டகமாகவே இருந்தது. கண்ணாடித் தகட்டில் இரசாயனக் குழம்பைப் பூசி, அது காயுமுன் படமெடுத்து, காயுமுன் கழுவியும் முடிக்க வேண்டும். எனவே, நிழற்படக் கலைஞர் இருட்டறையையும் கூடாரமாகச் சுமந்து சென்றார். அவரை அறியாதவர் ஊரில் எவரும் இருக்க முடியாது. 1871ஆம் ஆண்டில் ரிச்சர்டு மேடக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் ஜெலட்டின் பூசிய உலர்தகட்டுக்கு வழி காட்டினார். பத்தாண்டுகளுக்குள் அது கடைப்பொருளாயிற்று. நொடியின் ஒரு பகுதியில் படமெடுக்க முடிந்ததும் கேமராவைக் கைக்குள் அடக்கும் ஆசையும், அதைத் தொடர்ந்து மறைக்கும் ஆசையும் எழுந்தன. 1880களில் 'துப்பறியும் கேமரா' என்ற பெயரில் புத்தகம் போலவும் பொட்டலம் போலவும் தொப்பிக்குள் அடங்குமாறும் கருவிகள் விற்பனைக்கு வந்தன. 1886இல் வெளிவந்த 'ஸ்டிர்ன்' கேமரா வட்டமான தட்டையான உலோகப் பேழை. அதை மேற்சட்டைக்கு உள்ளே தொங்கவிட்டுக்கொள்வர். அதன் வில்லை, அதாவது லென்ஸ், பொத்தான் துளை வழியே வெளியே எட்டிப் பார்க்கும். சட்டைப் பைக்குள் இருக்கும் கயிற்றை இழுத்தால் வட்டத் தகட்டில் ஒரு படம் விழும். ஒரு தகட்டுக்கு ஆறு படங்கள்.

நார்வே நாட்டின் தலைநகரில் (இன்றைய ஓஸ்லோ) 1890களில் கார்ல் ஸ்டோர்மர் என்ற கல்லூரி மாணவர் இக்கருவியை வாங்கினார். நகரின் தலையாய வீதியில் உலவி, எதிரே வருவோரை ஏறத்தாழ ஐந்நூறு படங்கள் எடுத்தார். புகழ்பெற்ற நாடக ஆசிரியர் இப்சனும் அப்படங்களில் ஒருவர். ஆனால் ஸ்டோர்மர் கையாண்ட முறையே என்னைக் கவர்ந்தது. அவர் மறைவில் நின்று எடுக்கவில்லை. எதிரே வருபவரை நோக்கி நேரே நடந்து சென்று, தொப்பியை உயர்த்தி வணக்கம் செலுத்தி, அக்கணமே கயிற்றை இழுப்பார். ஆகவே, அவருடைய படங்களில் பலரும் தொப்பியை உயர்த்துகின்றனர், சிலர் முறுவலிக்கின்றனர், சிலர் சற்றுக் குனிகின்றனர். கருவி மறைந்திருந்தது, மனிதர் மறைந்திருக்கவில்லை. இம்மாணவர் பின்னாளில் கணித மேதையாகி, வடதுருவ வானில் தோன்றும் ஒளித்திரைகளை இரு இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் நிழற்படமெடுத்து அவற்றின் உயரத்தை அளந்தார் என்பது தனிக்கதை.

எல்லாரும் ஸ்டோர்மரைப் போல் இருக்கவில்லை. 1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் 25 டாலர் விலையில் நூறு படங்களுக்கான சுருளுடன் 'கோடாக்' கேமராவை வெளியிட்ட பின் அமெரிக்காவின் கடற்கரைகளிலும் பூங்காக்களிலும் பெட்டியும் கையுமாகத் திரிந்தவர்கள் பெருகினர். 1890 டிசம்பரில் பாஸ்டன் நகர வழக்குரைஞர் இருவர், சாமுவேல் வாரனும் லூயி பிராண்டைசும், ஹார்வர்டு சட்ட இதழில் ஒரு கட்டுரை வரைந்தனர். தனித்து விடப்படும் உரிமை மனிதனுக்கு உண்டு என்று வாதிட்ட அக்கட்டுரை, நொடிப்பொழுதில் படமெடுக்கும் கருவிகளையும் செய்தித்தாள்களின் பேராசையையும் காரணமாகச் சுட்டியது. அந்தரங்க உரிமை பற்றிய அமெரிக்கச் சட்டச் சிந்தனைக்கு அக்கட்டுரையே ஊற்றுக்கண். அதைத் தூண்டியவற்றுள் கைக்கேமராவும் ஒன்று என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

ஜெர்மனியில் இதே கேள்வி ஒரு மரணப் படுக்கையின் அருகே எழுந்தது. அந்நாட்டை ஒன்றிணைத்த பிஸ்மார்க் 1898ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் இரவு தம் மாளிகையில் உயிர்நீத்தார். சில மணி நேரத்தில், விடியுமுன்னே, ஹாம்பர்க் நகர நிழற்படக்காரர் இருவர் சன்னல் வழியே உள்ளே ஏறி, மெக்னீசிய வெடிப்பொளியில் அவருடைய உயிரற்ற உடலைப் படமெடுத்துச் சென்றனர். தலையணைகளுக்கிடையே கலைந்து கிடந்த ஒரு முதியவரின் உடல் அது. படத்தைப் பெருந்தொகைக்கு விற்க முயன்றபோது அகப்பட்டுக்கொண்டனர், தகடு கைப்பற்றப்பட்டது, சிறைத்தண்டனையும் கிடைத்தது. படம் அரை நூற்றாண்டுக்கு மேல் வெளிவரவில்லை. அவர்கள் மீது சுமத்த அத்துமீறி நுழைந்த குற்றம் கிடைத்ததே தவிர, ஒருவரின் உருவத்தைத் திருடிய குற்றத்திற்கு அன்று சட்டத்தில் தெளிவான இடம் இல்லை. அக்குறையை நீக்க 1907இல் இயற்றப்பட்ட சட்டம், ஒருவரின் உருவப்படத்தை அவர் இசைவின்றி வெளியிடலாகாது என்று விதித்தது. அவ்விதி இன்றும் அந்நாட்டில் நடைமுறையில் உள்ளது.

அதே ஜெர்மனிதான் இன்று நாம் அறிந்த சிறு கேமராவையும் உலகுக்குத் தந்தது. வெட்ஸ்லர் என்ற சிற்றூரில் நுண்ணோக்கிகள் செய்துவந்த லைட்ஸ் நிறுவனத்தில் 1911இல் பணியேற்றவர் ஆஸ்கார் பார்னாக். அவருக்கு மூச்சிரைப்பு நோய் இருந்தது. மலைப்பாதைகளில் நடந்து படமெடுப்பதில் பெருவிருப்பம் உடைய அவரால் கண்ணாடித் தகடுகளும் முக்காலியும் கொண்ட சுமையைத் தூக்கி நடக்க இயலவில்லை. திரைப்படச் சுருளை எடுத்து, அதன் கட்டங்கள் இரண்டை ஒன்றாக்கி, 24 மில்லிமீட்டருக்கு 36 மில்லிமீட்டர் என்ற அளவில் சிறு படங்களை எடுத்துப் பின்னர் பெரிதாக்கிக்கொள்ளும் உத்தியைக் கண்டார். 1914 அளவில் மாதிரிக் கருவி உருவாயிற்று. போர் குறுக்கிட்டது. நாணய மதிப்பு சிதைந்து வேலையின்மை சூழ்ந்த 1924இல், வல்லுநர் சிலரின் ஐயங்களையும் மீறி, நிறுவன உரிமையாளர் எர்ன்ஸ்ட் லைட்ஸ் அதைத் தயாரிக்கத் துணிந்தார். 1925இல் லைப்சிக் சந்தையில் 'லைக்கா' அறிமுகமாயிற்று. (இந்த லைட்ஸ் குடும்பம் 1930களில் யூதப் பணியாளர் பலரை வெளிநாட்டுக் கிளைகளுக்கு அனுப்பி உயிர்காத்ததும், யூதப் பெண் ஒருவர் தப்பிச் செல்ல உதவியதற்காக லைட்ஸின் மகள் 1943இல் சிறைப்பட்டதும் இவ்விடத்தில் நினைக்கத் தக்கவை.)

மூச்சிரைக்கும் ஒருவரின் நலிவிலிருந்து பிறந்த கருவி அது. ஒருவரையும் ஏமாற்றுவதற்காகப் பார்னாக் அதைச் சிறிதாக்கவில்லை. ஆனால் சிறிதானதை மறைப்பது எளிது. மறைக்கும் கலையில் அக்காலத்தில் தலைசிறந்து விளங்கியவர் எரிக் சாலமன். பெர்லினில் பிறந்த யூதர். சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். நாற்பது வயதைக் கடந்த பின்னரே கேமராவைக் கையில் எடுத்தவர். அவர் தேர்ந்தது 'எர்மனாக்ஸ்' என்ற கருவி. சிறு கண்ணாடித் தகடுகளைப் பயன்படுத்திய அதன் வில்லை மிக அகன்றது. அறைக்குள் எரியும் விளக்கொளியே அதற்குப் போதும். 1928இல் பெர்லின் நீதிமன்றத்தில் நடந்த கொலை வழக்கு ஒன்றைத் தொப்பிக்குள் கேமராவை வைத்து எடுத்தார். உலக நாடுகளின் அமைச்சர்கள் நள்ளிரவுப் பேச்சுவார்த்தையில் களைத்துச் சோபாக்களில் சாய்ந்து கிடப்பதை எடுத்தார். 1931இல் பாரிசு விருந்து ஒன்றில் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் பிரியான் அவரைக் கண்டுகொண்டு விரலை நீட்டிச் சுட்டிய கணத்தையும் எடுத்தார். கை முறிந்தவரைப் போல் கட்டுப் போட்டுக்கொண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் அமர்வைப் படமெடுத்த கதையும் உண்டு. அப்படம் 1932இல் வெளிவந்தது. நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்தரங்க உரிமைக் கட்டுரையை எழுதிய பிராண்டைஸ் அப்போது அதே மன்றத்தின் நீதியரசர்களுள் ஒருவராக இருந்தார்.

ஆட்சியாளர்களும் சாதாரண மனிதரைப் போல் கொட்டாவி விடுவார்கள் என்பதை மக்களுக்குக் காட்டியதால் சாலமனை நாம் மன்னித்துவிடலாம். வலியோரை ஒளிந்து நோக்குவது வேறு, எளியோரை ஒளிந்து நோக்குவது வேறு. கேமராவை மறைத்துப் புகழ்பெற்ற அவர், நாஜிகளின் ஆட்சியில் தம்மையே மறைத்துக்கொள்ள வேண்டியவரானார். ஹாலந்தில் பதுங்கியிருந்தவர் காட்டிக்கொடுக்கப்பட்டு, 1944இல் மனைவியுடனும் இளைய மகனுடனும் கொலைமுகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார். அவ்வாண்டு ஜூலையில் ஆஷ்விட்சில் அவர் உயிர் பிரிந்தது.

எளியோரை ஒளிந்து நோக்கியவர் வாக்கர் எவன்ஸ். 1938 முதல் 1941 வரை நியூயார்க்கின் சுரங்க ரயிலில், கருநிறம் பூசிய 'கான்டாக்ஸ்' கேமராவை மேலங்கிக்குள் தொங்கவிட்டு, இரு பொத்தான்களின் இடைவெளியில் வில்லையை வைத்து, சட்டைக் கையினுள் ஓடிய கம்பியை அழுத்தி, எதிர் இருக்கையில் அமர்ந்தவர்களை எடுத்தார். வேலை முடித்துத் திரும்புவோர், கண்மூடிய பெண்கள், தொப்பிக்குக் கீழே வெறித்த விழிகள். தம் முகத்தைத் தாமே மறந்திருக்கும் நேரத்தில் மனிதர் எப்படித் தோன்றுவர் என்பதை அப்படங்களைப் போல் காட்டியவை குறைவு. ஆனால் எவன்ஸ் அவற்றை நூலாக்காமல் வைத்திருந்தார். 1966இல், கால் நூற்றாண்டு கழிந்து, அந்த முகங்கள் அடையாளம் காண முடியாத அளவுக்கு முதிர்ந்த பின்னரே நூலாக வெளியிட்டார். தம்மை ஓர் ஒற்றன் என்றும், மனம் வருந்தும் ஒற்றன் என்றும் அவர் சொல்லிக்கொண்டார். அவ்வருத்தம் உண்மையானது என்றே நான் கருதுகிறேன். வருந்தாதவர் இருபத்தைந்து ஆண்டுகள் காத்திருக்க மாட்டார்.

இனி ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸோன். 1932இல் மார்செய் நகரில் லைக்கா ஒன்றை வாங்கிய இப்பிரெஞ்சுக்காரர், அதன் பளபளக்கும் பகுதிகளைக் கறுப்பு நாடாவால் மூடி, 50 மில்லிமீட்டர் வில்லை ஒன்றையே பெரும்பாலும் கொண்டு, ஃபிளாஷ் விளக்கை அறவே விலக்கி, உலகைச் சுற்றினார். 1952இல் வந்த அவருடைய நூலின் ஆங்கிலத் தலைப்பு 'தீர்க்கமான கணம்' என்று பொருள்படும். 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கர்தினால் ஒருவரின் கூற்றிலிருந்து எடுத்தது. பிரெஞ்சுத் தலைப்போ வேறு. உரிமம் இல்லாமல் தெருவோரத்தில் கடை விரித்து, காவலரைக் கண்டதும் துணியோடு சுருட்டிக்கொண்டு ஓடும் வியாபாரியைச் சுட்டும் சொல் அதில் உள்ளது. எனக்குப் பிரெஞ்சுத் தலைப்பே நேர்மையானதாகத் தோன்றுகிறது.

1948 சனவரி 30ஆம் நாள் பிற்பகல் இவர் தில்லி பிர்லா மாளிகையில் காந்தியடிகளைச் சந்தித்துத் தம் படத்தொகுப்பைக் காட்டினார். பக்கங்களைப் பேசாமல் புரட்டிய அண்ணல் ஒரு படத்தில் நின்றார். கத்தோலிக்கக் கவிஞர் பால் குளோதெல், சவ ஊர்தி ஒன்றைப் பார்த்து நிற்கும் படம் அது. இதன் பொருள் என்ன என்று கேட்டார். வாழ்வு, மரணம் ஆகியவற்றைக் குறித்து ஆழ்ந்து சிந்திக்கும் கவிஞர் இவர் என்று விடை வந்தது. மரணம் என்ற சொல்லை அண்ணல் மும்முறை சொன்னதாகப் பிரெஸ்ஸோன் பின்னர் நினைவுகூர்ந்தார். அவர் விடைபெற்றுச் சென்ற சிறிது நேரத்தில் துப்பாக்கி வெடித்தது.

அன்று அண்ணலைச் சந்தித்திருந்த மற்றொருவர் அமெரிக்க நிழற்படக் கலைஞர் மார்கரெட் பர்க்-ஒயிட். செய்தி அறிந்து விரைந்து வந்த அவர், உடல் கிடத்தப்பட்டிருந்த அறைக்குள் கேமராவுடன் புகுந்தார். அழுகை நிறைந்த அவ்வறையில் ஃபிளாஷ் விளக்கு பளிச்சிட்டது. சூழ்ந்திருந்தோர் சினந்து, படச்சுருளைப் பறித்து, அவரை வெளியேற்றினர். பிரெஸ்ஸோனும் அன்றிரவு அங்கே இருந்தார். மாளிகை வாயிலில், கிடைத்த மங்கிய விளக்கொளியில், அண்ணலின் மறைவை மக்களுக்கு அறிவிக்கும் நேருவை எடுத்தார். படம் சற்றுக் கலங்கியிருக்கிறது. கண்ணீரினூடே பார்ப்பவருக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும்.

பர்க்-ஒயிட் தீயவர் என்று நான் சொல்ல வரவில்லை. இந்தியப் பிரிவினையின் துயரை உலகறியச் செய்தவர் அவர். ஆனால் அவர் சுமந்த கருவிக்கு வெளிச்சம் தேவைப்பட்டது. அவ்வெளிச்சம் துக்க வீட்டைக் காட்சி மேடையாக்கிற்று. எந்தக் கேமராவை எடுத்துச் செல்கிறோம் என்பது எப்படி நடந்துகொள்வோம் என்பதையும் பாதி தீர்மானித்துவிடுகிறது.

போருக்குப் பின் இக்கலையின் கருவிகள் ஜப்பானியர் கைக்கு மாறின. 1959இல் ஒலிம்பஸ் 'பென்', 1979இல் வில்லைக்கு மேல் சறுக்கு மூடி பொருத்திய அதே நிறுவனத்தின் 'எக்ஸ்ஏ', 1996இல் 28 மில்லிமீட்டர் வில்லை கொண்ட ரிக்கோ 'ஜிஆர்-1' ஆகியவை சட்டைப் பையில் அடங்கின. இதனிடையே 1975இல் கோடாக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாசன் படச்சுருள் இல்லாத கேமராவை உருவாக்கியிருந்தார். எடை மூன்றரைக் கிலோவுக்கு மேல். ஒரு படம் ஒலிநாடாவில் பதிய 23 நொடிகள். தன் வீட்டில் பிறந்த குழந்தையை வளர்க்கத் தயங்கிய கோடாக் 2012இல் நொடிப்பு நிலைக்குச் சென்றது யாவரும் அறிந்ததே. 1995இல் வெளிவந்த கேசியோ 'கியூவி-10' பின்புறத்தில் திரையோடு வந்தது. அன்றுமுதல் கேமரா கண்ணைவிட்டு இறங்கி, நீட்டிய கைகளுக்குச் சென்றது.

தொடக்ககால டிஜிட்டல் சிறு கேமராக்கள் இயல்புப் படத்திற்குப் பெரிதும் பயன்படவில்லை. பொத்தானை அழுத்தியதும் கருவி தூரத்தை அளந்து, ஒளியை அளந்து, படமெடுக்க அரை நொடி, சிலவேளை ஒரு நொடியும் ஆகும். அதற்குள் குழந்தையின் சிரிப்பு முடிந்துவிடும். இதைத் தீர்க்கப் பழைய லைக்காக்காரர்களின் உத்தியே துணைவந்தது. 28 மில்லிமீட்டர் வில்லையின் துவாரத்தை எட்டு என்ற எண்ணுக்குச் சுருக்கி, தூரத்தை இரண்டரை மீட்டரில் நிறுத்திவிட்டால், படச்சுருள் கேமராவிலேயே ஒன்றரை மீட்டர் முதல் ஏறத்தாழப் பத்து மீட்டர் வரை உள்ளவை தெளிவாக விழும். பின் கருவி எதையும் தேட வேண்டியதில்லை. அழுத்தியதும் படம் விழும். 2005இல் வந்த டிஜிட்டல் ஜிஆர் வரிசையில் இவ்வுத்தி ஒரு வசதியாகவே அமைக்கப்பட்டது. 2013இல் அதே சிற்றுடலில் பெரிய ஒளியுணரியைப் பொருத்தினர். மங்கிய ஒளியில் ஃபிளாஷ் இன்றி எடுக்க அது பெருந்துணை. 2011இல் வந்த ஃபியூஜிஃபிலிம் 'எக்ஸ்-100' கண்ணை வைத்துப் பார்க்கும் கண்ணாடிச் சாளரத்தையும் ஓசை எழாத ஷட்டரையும் மீண்டும் கொணர்ந்தது. இவ்விரு வரிசைகளிலும் 'சூம்' கிடையாது.

'சூம்' இல்லாமை குறை என்று இளைஞர் எண்ணினார். நான் அவ்வாறு எண்ணவில்லை. 28 மில்லிமீட்டர் வில்லையில் ஒருவரின் உருவம் முழுவதும் படத்தை நிறைக்க வேண்டுமானால் இரண்டு மீட்டர் தூரத்திற்கு நாம் செல்ல வேண்டும். முகம் வேண்டுமானால் இன்னும் அருகே. அது வணக்கம் சொல்லும் தூரம். ஸ்டோர்மர் தொப்பியை உயர்த்திய தூரம். அங்கே நின்று எடுப்பவரை மற்றவர் காண்பார். விரும்பாவிடில் கையை அசைத்து மறுப்பார். தொலைவிலிருந்து முகத்தைப் பறிக்கும் வில்லை இவ்வாய்ப்பை அவரிடமிருந்து எடுத்துவிடுகிறது. கருவி சிறிதாயிருப்பது பிறர் மிரளாதிருப்பதற்கே, அறியாதிருப்பதற்கன்று என்று அவரிடம் சொன்னேன். 'சாமி, மறுத்துவிட்டால் படம் போய்விடுமே' என்றார். ஆம், போய்விடும் என்றேன். அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

இந்த உரையாடலுக்கே இனித் தேவை இல்லை என்பாரும் உண்டு. 2010இல் உலகெங்கும் 12 கோடி டிஜிட்டல் கேமராக்கள் ஏற்றுமதியாயின. 2023இல் அத்தொகை 80 இலட்சத்தைக்கூட எட்டவில்லை. கைப்பேசி அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. பார்னாக் கனவிலும் காணாத சிறுமை அது. எவரும் அதைக் கேமரா என்றே எண்ணுவதில்லை. கேமரா பொருத்திய கைப்பேசிகள் முதலில் பரவிய ஜப்பானில், பெண்களை மறைவாகப் படமெடுக்கும் இழிசெயல் பெருகியதால், படமெடுக்கும்போது ஓசை எழுந்தே தீர வேண்டும் என்ற ஏற்பாட்டைத் தயாரிப்பாளர்களே செய்துகொண்டனர். தென் கொரியாவிலும் 2004 முதல் இவ்வாறே. ஷட்டரின் ஓசையை அடக்க நூறாண்டுகள் உழைத்த தொழில், அதே ஓசையைச் செயற்கையாகச் செய்து மீண்டும் பொருத்த நேர்ந்தது.

நோயில்பூசுதல் அளிக்கச் செல்லும் வீடுகளில் இன்று கட்டிலைச் சுற்றி நிற்போரின் கைகளில் செபமாலையோடு கைப்பேசியும் இருக்கிறது. வெளிநாட்டில் உள்ள மகனுக்கு அனுப்ப வேண்டும் என்பார்கள். அந்த ஏக்கத்தை நான் குறைத்து மதிப்பிடேன். ஒருமுறை முதிய தாய் ஒருவர், பேரன் கைப்பேசியை உயர்த்தியதும், மிகுந்த சிரமத்தோடு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பேரன் கட்டிலைச் சுற்றி மறுபுறம் சென்றான். நான் எண்ணெய்ச் சிமிழைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றேன். அவன் அன்பினால் செய்கிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான், ஆயினும் அந்தத் தாய் சொன்னதும் எனக்கு விளங்காமல் இல்லை.

இளைஞர் எந்தக் கேமராவை வாங்கினார் என்று இன்னும் தெரியவில்லை. அவருக்குச் சொல்ல விட்டுப்போன செய்தி ஒன்று உண்டு. கார்ட்டியே பிரெஸ்ஸோன் 1950 ஏப்ரலில் நம் திருவண்ணாமலையில் இருந்தார். இரமண மகரிஷி புற்றுநோயால் நலிந்து இறுதி நாள்களில் இருந்தார். அந்நாள்களில் பிரெஸ்ஸோன் எடுத்த படங்கள் உள்ளன. ஏப்ரல் 14ஆம் நாள் இரவு எட்டு மணி நாற்பத்தேழு நிமிடத்தில் மகரிஷியின் மூச்சு நின்றது. அவ்வேளையில் பிரெஸ்ஸோன் படுக்கையருகே இல்லை. தாம் தங்கியிருந்த வீட்டின் முன்னே திறந்த வெளியில் நின்று, நண்பர்கள் சுட்டிக்காட்டிய திசையில், வால் நீண்ட ஒளியோடு வானில் மெல்ல நகர்ந்த விண்மீன் ஒன்றை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைக்கடிகாரத்தை நோக்கி நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஆசிரமத்தை நோக்கி ஓடினார்.